தேனீக்கு அருளப்பட்ட வீடுகள்

திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் ஒன்று தேனீயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 'அந்நஹ்ல்' என்னும் 16ஆவது அத்தியாயம் அது. 128 வசனங்களைக் கொண்ட அவ்வத்தியாயத்தில் தேனீயைப் பற்றிப் பேசுபவை 68, 69 ஆகிய இரண்டே வசனங்கள்தாம். மேடைகளில் இவ்விரு வசனங்களை எடுத்தோதுவோர் பெரும்பாலும் இரண்டாவதன் இறுதிப் பகுதிக்கே விரைந்து சென்றுவிடுகின்றனர். தேனீயின் வயிற்றிலிருந்து பல நிறமுள்ள பானம் வெளிப்படுகிறது, அதில் மனிதர்க்கு நோய்நிவாரணம் உண்டு என்பது அப்பகுதியின் கருத்து. அது நமக்கு இனிக்கிறது. ஆகவே அதனை நன்கு நினைவில் வைத்துக்கொண்டோம்.

ஆயின் அவ்வசனங்களின் வரிசையைச் சற்று உற்று நோக்குவோம். இறைவன் தேனீக்கு அறிவித்த முதற்கட்டளை தேனைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் எழுப்புபவற்றிலும் வீடுகளை அமைத்துக்கொள்ளுமாறு சொல்லப்பட்டது முதலில். கனிவகைகளிலிருந்து உண்ணுமாறு சொல்லப்பட்டது அடுத்து. இரட்சகன் எளிதாக்கித் தந்த வழிகளில் செல்லுமாறு சொல்லப்பட்டது அதற்கும் அடுத்து. இவையாவும் முடிந்த பின்னரே பானம் பேசப்படுகிறது. வீடின்றி உணவில்லை, உணவின்றித் தேனில்லை. இவ்வரிசையை நாம் எவ்வளவு தூரம் மறந்துவிட்டோம் என்பதை வரலாற்றின் வழியே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'மின்' என்னும் சிறு சொல்

மேற்சொன்ன வசனத்தில் மலை, மரம், மனிதர் எழுப்புபவை ஆகிய மூன்றின் முன்பும் 'மின்' என்னும் இடைச்சொல் வருகிறது. 'மலைகளில்' என்று பொருள்பட 'ஃபீ' என்னும் சொல்லை வைத்திருக்கலாமே, 'மின்' ஏன் வந்தது என்று அறபு இலக்கணத்தின் பேரறிஞர் ஸமக்ஷரீ தம் 'கஷ்ஷாஃப்' விரிவுரையில் வினா எழுப்புகிறார். ஹிஜ்ரி 538இல் (கி.பி. 1144) மறைந்தவர் அவர். அவர் தரும் விடை சுருக்கமானது. 'மின்' இங்கே 'சிலவற்றில்' என்னும் பொருளைத் தருகிறது. தேனீ எல்லா மலையிலும் எல்லா மரத்திலும் கூடு கட்டுவதில்லை, தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேர்ந்தே கட்டுகிறது என்பது அதன் கருத்து.

மதரஸாவில் இப்பாடத்தை ஓதிய நாளில் இதனை ஓர் இலக்கண நுட்பமாக மட்டுமே நாம் எடுத்துக்கொண்டோம். பின்னர் தமிழ்நாட்டுத் தேனீக்களின் கூடுகளைப் பற்றி அறியத் தொடங்கிய போதுதான், அச்சிறு சொல்லுக்குள் எத்துணை பெரிய உண்மை அடங்கியிருக்கிறது என்பது விளங்கலாயிற்று.

'மனிதர் எழுப்புபவை' என்பதற்கும் விரிவுரையாளர்கள் பல பொருள் கூறினர். திராட்சைக் கொடிக்கு இடும் பந்தல் என்றனர் சிலர். வீட்டின் கூரை, முகடு என்றனர் சிலர். தேனீக்கென்றே மனிதர் அமைத்துத் தரும் கூடு என்றனர் வேறு சிலர். மூன்றும் உண்மையே என்பதைத் தேனீக்களே மெய்ப்பித்து வருகின்றன.

ஒன்று மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். அவ்வசனத்தில் தேனீயை நோக்கிய ஏவல்வினைகள் யாவும் பெண்பாலில் அமைந்துள்ளன. கூடு கட்டுவதும், உணவு தேடுவதும், மெழுகு சுரப்பதும் பெண் தேனீக்களே என்று பிற்கால ஆராய்ச்சி கண்டிருக்கிறது. இரண்டும் இசைந்து வருவது நம் உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும் 'நஹ்ல்' என்னும் சொல்லை அறபியர் இயல்பாகவே பெண்பாலாகவும் வழங்கினர் என்பதை மறைத்து, இதனை மட்டும் பெரிதாக முழக்குவது கற்றோர்க்கு அழகன்று. நம் முன்னோர்களான அறபு அறிஞர்களே தேனீக் கூட்டத்தின் தலைமையை 'யஃஸூப்' என்று ஆண்பாலில் அழைத்து, அரசன் என்றே கருதினர். திருமறையின் பெருமைக்கு நம்முடைய மிகைப்படுத்தல் தேவையில்லை.

அறபு நாட்டில் ஒரே தேனீ

திருக்குர்ஆன் அருளப்பட்ட காலத்தில் ஹிஜாஸ் வாசிகளும் யமன் வாசிகளும் அறிந்திருந்த தேனீ எது? மேலைத் தேனீ இனத்தின் அறபு வகையே அது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகிய நிலப்பரப்புகளுக்கு உரிய இவ்வினத்துக்கு 1758இல் லின்னேயஸ் 'ஏபிஸ் மெல்லிஃபெரா' என்று பெயரிட்டார். இது இருண்ட பொந்துக்குள் பல அடைகளை வரிசையாகத் தொங்கவிட்டு வாழும். பாறை வெடிப்பு மலைவீடு, மரப்பொந்து மரவீடு, மனிதர் செய்து தரும் உருளை எழுப்பிய வீடு. ஆக, அங்கே ஒரே தேனீ மூவகை வீட்டிலும் வாழ்ந்தது. ஓமான் பகுதியில் மட்டும் கிளையில் சிற்றடை கட்டும் இன்னொரு தேனீயும் உண்டு. அவ்வினம் நம் நாட்டிலும் உள்ளது.

தேனீக்கு வீடு செய்து தரும் கலை மிகப் பழையது. எகிப்தில் அபூகுராப் என்னுமிடத்தில், நியூசெர்ரே என்னும் ஃபிர்அவ்ன் எழுப்பிய சூரியக் கோயிலின் சுவர்ச் சிற்பத்தில், கிடையாக அடுக்கிய கூடுகளிலிருந்து தேன் எடுக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அதன் வயது ஏறத்தாழ 4,400 ஆண்டுகள். ஜோர்தான் பள்ளத்தாக்கில் பைஸானுக்கு அருகே தெல் ரெஹோவ் என்னும் மேட்டில் 2007ஆம் ஆண்டு அகழ்ந்த அறிஞர்கள், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தேனீ வளர்ப்பிடம் ஒன்றையே கண்டனர். சுடாத களிமண்ணும் வைக்கோலும் கலந்து செய்த உருளைகள் அங்கே வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் குறுக்களவு. ஒரு முனையில் தேனீ புகச் சிறு துளை; மறு முனையில் தேன் எடுப்போர் திறந்து மூடுவதற்கு மண்மூடி. எகிப்திய உழவர் அண்மைக்காலம் வரை இத்தகைய மண்குழாய்களையே நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்துத் தேனீ வளர்த்தனர். ஓமானியர் பேரீச்ச மரத்தின் அடிமரத்தைக் குடைந்து கூடாக்கினர். காஷ்மீரத்துக் குடியானவர்கள் வீடு கட்டும்போதே சுவருக்குள் மண்ணுருளையைப் பதித்து, தேனீக்கும் ஓர் அறை ஒதுக்கினர்.

தேனீயைப் பற்றிய எழுத்தும் இதற்குக் குறைந்ததன்று. பஸராவின் ஜாஹிள் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் பிற உயிர்களோடு தேனீயையும் ஆராய்ந்தார். ஹிஜ்ரி 808இல் மறைந்த எகிப்தின் தமீரீ, உயிரினங்களை அகர வரிசையில் தொகுத்த 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் தேனீயின் இயல்போடு அது பற்றிய மார்க்கச் சட்டங்களையும் சேர்த்து எழுதினார். வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (மறைவு கி.பி. 1442) தேனீ, தேன், மெழுகு ஆகியவற்றுக்கென்றே தனி நூல் ஒன்றை யாத்தார். நம் மதரஸாக்களின் அலமாரிகளில் இந்நூல்களுள் சில இருக்கின்றன. திறந்து பார்ப்போர்தாம் குறைவு.

தமிழ்நாட்டில் நால்வகை வீடுகள்

அறபு நாட்டில் ஒரே தேனீக்கு அமைந்த வீடுகள், நம் தமிழ்நாட்டில் வெவ்வேறு தேனீக்களுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டுள்ளன. ஸமக்ஷரீ சொன்ன 'சிலவற்றில்' என்பதன் விரிவுரையை நம் மலைகளிலும் வேலிகளிலும் காணலாம்.

மலைவீட்டுக்கு உரியது மலைத்தேனீ. பெருந்தேனீ, பாறைத்தேனீ என்றும் இதனை வழங்குவர். பாறையின் அடிப்பக்கத்திலோ நெடுமரத்தின் கிளையிலோ திறந்தவெளியில் ஒரே ஓர் அடையைத் தொங்கவிடும். அவ்வடை ஒரு மீட்டருக்கு மேலும் அகலும். அதற்குச் சுவரில்லை, கூரையில்லை. ஆயிரமாயிரம் தேனீக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படர்ந்து தம் உடலையே திரையாக்கிக் குஞ்சுகளைக் காக்கும். பகைவர் நெருங்கினால் அத்திரையில் அலையலையாக ஒரு சிலிர்ப்பு ஓடும். இவை ஓரிடத்திலேயே நிலைத்து வாழ்வன அல்ல. பூக்காலம் முடிந்ததும் அடையைக் கைவிட்டு நெடுந்தூரம் சென்று, காலம் திரும்பியதும் பழைய இடத்துக்கே மீள்வதும் உண்டு. சங்கத் தமிழர் தேன்கூட்டை 'இறால்' என்றும், அதனை எட்ட மலைவாணர் சாத்தும் மூங்கில் ஏணியை 'மால்பு' என்றும் அழைத்தனர். பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளையும் நான்கு பொருள்களைப் பட்டியலிட்ட கபிலர், நான்காவதாக வைத்தது தேனையே.

மரக்கிளையும் வேலிப்புதரும் கொம்புத்தேனீயின் வீடு. உள்ளங்கை அளவே உள்ள ஒற்றை அடையை மெல்லிய கொம்பைச் சுற்றிக் கட்டும். எறும்பு ஏறாதபடி அக்கொம்பின் இருபுறமும் மரப்பிசினைப் பூசி அகழிபோல் காவல் வைக்கும். எவரும் கற்பிக்காமல் இச்சிற்றுயிர்க்கு இவ்வுபாயம் எப்படித் தெரிந்தது? விரிவுரையாளர் 'இல்ஹாம்' என்று விளக்கிய அவ்வறிவிப்பு இதுவன்றோ!

மரப்பொந்து, சுவர்ப்பொந்து, கைவிடப்பட்ட கறையான் புற்று ஆகிய இருண்ட இடங்கள் அடுக்குத்தேனீயின் வீடு. இந்தியத் தேனீ என்பதும் இதுவே. ஒன்றுக்கொன்று இணையாகப் பல அடைகளைத் தொங்கவிட்டு, இடையில் தான் நடமாடும் அளவுக்கு மட்டும் வழி விடும். வெளிச்சம் புகாத பெட்டியில் குடியிருக்க இசைவது இதுவே.

நான்காவது கொசுத்தேனீ. நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள இதற்குக் கொடுக்கு இல்லை. பழைய வீடுகளின் சுவர் இடுக்கில் புகுந்து, வாயிலில் பிசினால் ஒரு சிறு குழல் நீட்டிக்கொள்ளும். உள்ளே அறுகோண அறைகளில் அன்றி, மெழுகும் பிசினும் குழைத்து வனைந்த சின்னஞ்சிறு குடங்களில் தேனைச் சேர்க்கும். திராட்சைக் குலைபோல் நெருங்கிக் கிடக்கும் அக்குடங்களைக் கண்டவர், தேனீக்களுள் குயவர் குலம் இதுவே என்பர். இதன் தேன் மிகக் குறைவு. மருந்துக்கென்று தேடுவோர் மிகுதி.

இவற்றை மேனாட்டு அறிவியல் பட்டியலில் ஏற்றியவர் டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ். கொம்புத்தேனீக்கு 1787இலும், மலைத்தேனீக்கு 1793இலும், இந்தியத் தேனீக்கு 1798இலும் அவர் பெயரிட்டார். அக்காலத்தில் நம் சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அங்கே 1768இல் மருத்துவராக வந்து சேர்ந்த கோனிக், இந்நாட்டுச் செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஃபப்ரீசியஸ், கோனிக் இருவருமே லின்னேயஸின் மாணாக்கர்கள். ஆர்க்காட்டு நவாப் முஹம்மத் அலீ வாலாஜா 1774இல் கோனிக்கைத் தம் பணியில் அமர்த்தி, இயற்கை ஆராய்ச்சிக்கு ஆதரவு தந்தார் என்பது நம் வாசகர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

மண்ணில் வாழும் தேனீக்கள்

இதுவரை சொன்னவை தேன் சேர்ப்பவை மட்டுமே. உலகில் அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கும் மேல். இந்தியாவில் 700க்கும் மேல். இவற்றுள் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, அரசியில்லை, அடையில்லை. ஒரு தாய்த்தேனீ தனியே அறை அமைத்து, மகரந்த உருண்டை வைத்து, முட்டையிட்டு, வாயிலை அடைத்துவிட்டுப் போய்விடும். உத்திரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியேறும் கருநிற மரத்தேனீயை அறியாதார் யார்? இலையை வட்டமாக நறுக்கிச் சென்று தன் தொட்டிலுக்கு விரிப்பாக்கும் தேனீயும் உண்டு. வயிற்றில் நீல வளையங்கள் மின்னும் இன்னொன்று மண்சுவரைக் குடைந்து வாழும். கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து, அதன் மகரந்தத்தை உதிர்ப்பதில் அது வல்லது. தேனீ இனங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை நிலத்தைத் தோண்டியே வீடமைக்கின்றன.

நாம் வாழும் விருத்தாசலம் களிமண்ணால் பெயர் பெற்ற ஊர். மணிமுத்தாற்றங்கரையில் உள்ள இவ்வூரின் பழம்பெயர்களான பழமலை, திருமுதுகுன்றம் இரண்டிலும் மலை உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் மலை ஒன்றும் இல்லை. பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையிலிட்டு, மின்சார ஃபியூஸ் கட்டைகள், ஜாடிகள், பொம்மைகள் எனப் பலவாறாக ஆக்குகின்றனர். மண்ணைக் கொண்டு பிழைக்கும் இவ்வூரில் மனிதர் மட்டுமா மண்ணைக் குழைக்கின்றனர்? மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் களிமண் குவியலின் ஈரவிளிம்பைச் சற்று நேரம் நின்று பார்த்தால், குளவியும் தேனீயும் வாய்கொள்ளும் அளவு மண்ணெடுத்துச் செல்வதைக் காணலாம். வெடித்து ஒதுக்கப்பட்ட ஜாடி ஒன்றின் விரிசலில் கொசுத்தேனீயின் பிசின் குழல் நீண்டிருந்ததை நாம் கண்டதுண்டு. விலைபோகாத ஜாடி அதற்கு மாளிகையாயிற்று. 'மனிதர் எழுப்புபவை' என்பதன் பொருளை அன்று ஓர் உடைந்த ஜாடி நமக்கு ஓதிக்கொடுத்தது.

பெட்டிக்குள் வந்த தேனீ

தேனீ வளர்ப்பு என்று இன்று நாம் அறிவது இவ்வகைகளுள் ஒன்றைப் பெட்டியில் அடைத்த கதையே. அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கிடையே தேனீ விடும் வழியின் அளவைக் கண்டறிந்து, கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியை 1851இல் வகுத்தார். அது மேலைத் தேனீயின் உடலளவுக்கு ஏற்றது. நம் இந்தியத் தேனீ உருவில் சிறியது. அதன் அளவுக்கேற்பச் சிறு பெட்டியை வடிவமைத்தவர் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்தார் பலருக்குப் பயிற்சி அளித்தார். 'நியூட்டன் பெட்டி' என்னும் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. பின்னர் 1924இல் மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் தொடங்கிய கிராமப் புனரமைப்பு நிலையம், தேனீ வளர்ப்பை ஏழைகளின் குடிசைத் தொழிலாக்கியது. அதற்கு முன்பெல்லாம் தேன் எடுப்பதென்றால் அடையைப் பிழிவது என்றே பொருள். தேனோடு குஞ்சும் நசுங்கும். அடையை அழிக்காமல் தேன் எடுக்கலாம், வீட்டை இடிக்காமல் வாடகை பெறலாம் என்று அப்பெட்டிகள் கற்பித்தன. அது பெரிய நன்மையே.

ஆனால் பெட்டியை நம்பி மற்ற வீடுகளை மறந்தபோது என்ன நேர்ந்தது என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் 'தாய் சாக்புரூட்' என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டு இந்தியத் தேனீக்களைத் தாக்கியது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பைகளாகி மடிந்தன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட பெட்டிகள் வெறுமையாயின. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கலங்கி நின்றன. மேலைத் தேனீயைக் கொண்டுவந்து வளர்க்கும் முயற்சி அதன் பின்னரே தெற்கில் வேகம் பெற்றது. இந்தியத் தேனீ மீண்டும் தலையெடுத்ததற்குக் காரணம், நோய்க்குத் தப்பிய சில குடும்பங்களும், மரப்பொந்துகளிலும் புற்றுகளிலும் சுவர்களிலும் எஞ்சியிருந்த காட்டுக் கூடுகளுமே. பெட்டிகள் காலியான நாளில் பொந்துகள் கைகொடுத்தன.

அப்பொந்துகளின் இன்றைய நிலை என்ன? எங்கள் கடலூர் மாவட்டம் முந்திரிக்குப் பெயர் பெற்றது. பிரேசில் நாட்டு மரமான முந்திரியைப் போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது; காற்றில் எளிதில் பறப்பதில்லை. தேனீயும் பிற பூச்சிகளும் சுமந்து சென்றாலன்றிக் காய் பிடிப்பது அரிது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய 'தானே' புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரி, பலா மரங்களை இலட்சக்கணக்கில் சாய்த்தது. மனிதருக்கு நேர்ந்த இழப்பை அரசு கணக்கிட்டது. சாய்ந்த முதுமரங்களின் பொந்துகளை யார் கணக்கிட்டார்? மீண்டும் நட்ட ஒட்டுக்கன்றுகள் சில ஆண்டுகளில் காய்த்துவிடும். பொந்து உண்டாக ஒரு தலைமுறை ஆகும். இதற்கிடையில் பூத்து நிற்கும் வேளையிலேயே பூச்சிமருந்து அடிப்போரும் உளர். தேயிலைக் கொசுவுக்கு அடிக்கும் மருந்து தேனீயையும் விட்டு வைப்பதில்லை. மருந்து அடித்தே தீர வேண்டுமெனில், பூ விரியும் முன்னரோ, தேனீ கூடடைந்த மாலையிலோ அடிப்பது முறை. மண்சுவர்கள் சிமெண்டுச் சுவர்களாகின்றன. முற்றத்துத் தரை கான்கிரீட் ஆகிறது. நமக்கு அது வசதி. நிலத்தில் வீடமைக்கும் தேனீக்கோ கதவடைப்பு.

மினாராவில் ஓர் அடை

இனிச் சொல்லப்போவது நம் சொந்தக் குறை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஓதிக்கொடுத்துவந்த ஓர் ஊரில், பள்ளிவாசல் மினாராவின் மாடத்தின்கீழ் மலைத்தேனீ அடை வைத்தது. மலையில்லாத நாட்டில் மலைத்தேனீ உயர்ந்த கட்டடத்தையே மலையாகக் கொள்ளும். மக்தபுக்கு ஓதவந்த சிறுவன் ஒருவன் கல்லெறிந்தான். நாலைந்து பேருக்குக் கொட்டு விழுந்தது. ஜமாஅத்தார் கூடினர். "ஹஜ்ரத், பிள்ளைகள் வந்துபோகும் இடம். கொளுத்திவிடலாமா? தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்.

சொல்ல வேண்டியது நமக்குத் தெரியும். எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் ஆகிய நான்கு உயிர்களைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்துவிட்ட முன்னைய நபி ஒருவரை இறைவன் கண்டித்த செய்தி, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் இரட்சகனுக்கே உரியது என்னும் நபிமொழியும் உண்டு. தீங்கு நேருமிடத்தில் அதனை அகற்றலாம். ஆயினும் எளிய வழி இருக்கக் கொடிய வழியைக் கைக்கொள்ளலாகாது என்பதே ஃபிக்ஹின் போக்கு. இவ்வளவும் தெரிந்திருந்தும், பிள்ளைகளுக்கு ஏதேனும் நேர்ந்தால் பழி நம்மேல் விழுமே என்னும் அச்சத்தால், "உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்" என்று கூறி ஒதுங்கிக்கொண்டோம்.

அன்று இஷா தொழுகைக்குப் பின் பந்தங்கள் உயர்ந்தன. விடியலில் மோதினார் முற்றத்தைக் கூட்டியபோது கூடை கூடையாகத் தேனீக்கள். அடையில் தேன் சிறிதே. எஞ்சியதெல்லாம் புழுவும் கூட்டுப்புழுவும். அன்று காலையில் நாம் எடுக்க வேண்டிய பாடம் எதுவாக அமைந்திருந்தாலும், நம் நாவு தடுமாறியிருக்கும். ஈராண்டு கழித்து அதே மாடத்தின்கீழ் மலைத்தேனீ மீண்டும் வந்தது. அப்போது நாம் வாய் திறந்தோம்.

மலைத்தேனீ விருந்தாளி, பூக்காலம் முடிந்தால் தானே போய்விடும். சில மாதங்கள் பொறுத்திருந்தால் போதும். அதுவரை அடையின்கீழ் உள்ள வாயிலை அடைத்து வேறு வாயிலைத் திறக்கலாம். இரவில் அடைக்கு அருகே உள்ள விளக்கை அணைத்துவிட வேண்டும். வெளிச்சத்தை நாடி அவை இறங்கும். புகை மூட்டுவதும் கல்லெறிவதும் கூடாது என்று பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும். அகற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அத்தொழில் அறிந்தவரை அழைத்து, கொல்லாமல் அகற்றச் செய்ய வேண்டும். ஜமாஅத்தார் இசைந்தனர். அவ்வாண்டு எவருக்கும் கொட்டு விழவில்லை. கோடை முற்றியதும் ஒரு நாள் அடை வெறுமையாய்த் தொங்கியது. முன்பு எரித்தவர்களுள் ஒருவரே அதனைக் கழற்றி, மெழுகை உருக்கிக் கொண்டுவந்து மதரஸாவில் தந்தார்.

தேனீயின் பயன் தேன் மட்டுமன்று என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் நம் வீடுகளில் தேன் புட்டியை வாங்கும்போது காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் தேனீயின் வீட்டின்மீது காட்டுகிறோமா? கொல்லையில் ஒரு முதுமரத்தை விட்டுவைப்பதும், சுவரின் ஒரு துளையைப் பூசாமல் விடுவதும், வேலியோரத்தில் சிறிதளவு வெறுமண்ணை அப்படியே கிடக்க விடுவதும், உடைந்த பானை ஒன்றை நிழலில் கவிழ்த்து வைப்பதும் பொருட்செலவில்லாத காரியங்கள். இறைவன் தேனீயை நோக்கி 'வீடு அமைத்துக்கொள்' என்று அறிவித்தபோது, அவ்வீடுகளில் மூன்றில் ஒரு பங்கை நாம் எழுப்புபவற்றில் வைத்தான். எனவே அக்கட்டளையில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. அதனை நிறைவேற்றும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.